விட்ட நிரை

தேர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒன்றையேதான் பேசுகிறார்கள். அந்தப் பனி, அந்தக் குளிர், மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரின் ருசி. கொழும்பில் கடை வைத்திருப்பவருக்குக் கண்ணே கலங்கிவிடுகிறது. போன முறை அவர், "அந்தக் காலத்துல மனுசனும் மிருகமும் எவ்வளவு ஒத்துமையா இருந்தோம்!" என்று என்னிடமே சொன்னார். நான் வழக்கம் போலத் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். வீட்டுக்கு வந்து பானை கழுவும்போதுதான் கோபம் வந்தது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

ஒற்றுமையாம்! நாம் போட்ட உருளைக்கிழங்கைக் காட்டுப் பன்றி ஒரே இரவில் உழுது போட்டுவிட்டுப் போகும். மந்திக் கூட்டம் பட்டப்பகலில் வந்து பீன்ஸ் கொடியை உருவித் தின்னும். கல்லெறிந்தால் திரும்பி நின்று பல்லைக் காட்டும். சிறுத்தை நம் நாய்களைக் கொண்டு போய்க் கொண்டு போய், கடைசியில் லயத்து வரிசை வீட்டு நாய்களுக்குப் பெயர் வைப்பதையே நாம் விட்டுவிட்டோம். எல்லா நாயும் "இந்தா" தான். மழை விட்டதும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் முதல் பாடம் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவதுதான். இதையெல்லாம் மறந்துவிட்டுப் பனியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது குளவியைப் பற்றி. அதைவிடவும் நம் பெரியவர்களைப் பற்றி.

எனக்கு அப்போது பத்து வயது. அதற்கு இரண்டு வருடம் முன்பு அம்மாவைக் குளவி கொட்டியிருந்தது. மூன்றே மூன்று கொட்டு. மற்ற பெண்கள் பத்துப் பதினைந்து கொட்டு வாங்கி, சுண்ணாம்பு தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனவர்கள். அம்மாவுக்கு அந்த மூன்றிலேயே முகம் முழுக்க வீங்கி, கண் மூடி, மூச்சு விசில் மாதிரிக் கேட்க ஆரம்பித்துவிட்டது. கம்பளியில் கிடத்தித் தூக்கி, கொழுந்து லொறியில் போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தாள். அங்கிருந்த டொக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "இவங்க உடம்புக்குக் குளவி விஷம் ஆகாது. இன்னொரு தரம் கொட்டினா இங்க கொண்டு வர்ற வரைக்கும் தாங்க மாட்டாங்க" என்றார். அப்பா அதை லயம் முழுவதும் சொன்னார். ஆகவே அது எல்லோருக்கும் தெரியும். கங்காணிக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அந்த வருடம் சித்திரை மழைக்குப் பிறகு ஆறாம் நம்பர் மலையில் குளவி கூடு கட்டியது. தேயிலை நட்ட சரிவைத்தான் மலை என்போம். பேரப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் தெரியட்டும். அந்த மலையின் மேல் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில் ஒரு காட்டு நாவல் மரம் நின்றது. அதன் கிளை ஒன்று தேயிலைக்கு மேலே நீண்டிருக்கும். கூடு அதில்தான் தொங்கியது. பெரிய பலாப்பழம் அளவு. சாம்பல் நிறத்தில், காகிதத்தை அலை அலையாக ஒட்டிச் செய்தது போல. உண்மையில் பார்க்க அழகுதான். காற்றில்லாத வேளையில் மில் ஓடுவது போல ஒரு சத்தம் அதற்குள்ளிருந்து வரும்.

அதை எடுப்பது யார் வேலை? இதைக் கேட்டுத்தான் ஒரு மாதம் போனது. கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். கணக்கப்பிள்ளை தோட்டத்துத் துரையிடம் சொன்னார். மரம் தோட்டத்து எல்லைக் கல்லுக்கு இரண்டு அடி அந்தப் பக்கம் நிற்கிறது, அது காட்டைச் சேர்ந்தது என்று துரை சொல்லிவிட்டார். பிறகு காட்டைக் காவல் பார்க்கும் அதிகாரி ஒருவர் வந்தார். மரத்தைத் தூரத்தில் நின்றே பார்த்தார். பிளேன் டீ குடித்தார். சிங்களத்தில் அவர் சொன்னதைக் கணக்கப்பிள்ளை நமக்குத் தமிழில் சொன்னார்: "மரம் அவங்களோடதாம். குளவி நம்மளோடதாம்."

எங்கள் அப்பா பந்தம் கட்டிக் கொளுத்திவிடுகிறேன் என்று கிளம்பினார். மண்ணெண்ணெயும் சாக்கும்கூட எடுத்து வைத்துவிட்டார். ஆனால் அந்த மரத்தடியில்தான் கொழுந்துச்சாமி இருந்தது. சாமி என்றால் ஒரு கல், மஞ்சள் பூசியிருக்கும், பருவத்தின் முதல் கொழுந்தைப் பெண்கள் அதன் முன்னால் வைப்பார்கள். சாமி தலைக்கு மேலே நெருப்பா என்று பெண்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். அப்பா, "உங்க சாமியவே குளவி கொட்டட்டும்" என்று சாக்கை மூலையில் வீசினார். இப்போது நினைத்துப் பார்த்தால், அந்தத் தடையைக் கேட்டு அவர் உள்ளுக்குள் நிம்மதியாக மூச்சு விட்டார் என்றுதான் தோன்றுகிறது. அவருக்கும் குளவி என்றால் பயம்.

சரி, யாரும் எடுக்கவில்லை. பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள்? அங்கேதான் எனக்கு இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை என்று கங்காணி பிரித்துக் கொடுப்பார். கீழேயிருந்து மேலே வரை அந்த வரிசைத் தேயிலை அவளுடையது. அதில் ஒரு செடியைக்கூட விடாமல் பறித்து முடிக்க வேண்டும். பாதியில் விட்டால் கங்காணி திட்டுவது ஒரு பக்கம்; பெண்களே விடமாட்டார்கள். "அவளா? நெரைய விட்டவதானே" என்று கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்காட்டுவார்கள். குழந்தை பிறக்கிற அன்று நிரையை முடித்துவிட்டு இறங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். அதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை.

ஆறாம் நம்பர் மலையில் வாரம் ஒரு முறை பறிப்பு. ஒரு நிரை நேராகக் கூட்டுக்குக் கீழே போகிறது. அதை யார் பறிப்பது? பெண்கள் கூடிப் பேசி ஒரு நியாயமான முடிவுக்கு வந்தார்கள். முறை வைத்துக்கொள்வது. வாரம் ஒருத்தி, லயத்தில் அவரவர் குடியிருக்கும் காம்பரா வரிசைப்படி. முதல் காம்பராக்காரி முதல் வாரம், இரண்டாவது காம்பராக்காரி இரண்டாவது வாரம். இதைக் கேட்டுக் கங்காணி, "பொம்பளைங்களுக்கும் புத்தி இருக்கு" என்று பாராட்டினார். மரத்தடிக்குப் போனதும் யாரும் பேசக் கூடாது, இரும்பக் கூடாது. கங்காணியே துவாயை வாயில் பொத்திக்கொண்டுதான் இருமுவார். இப்படி மூன்று வாரம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோருக்கும் தங்கள் ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

எங்கள் காம்பரா நான்காவது.

அம்மாவுக்கு முறை வேண்டாம் என்றுதான் முதலிலேயே பேச்சு. "உன் மொறைய நாங்க பாத்துக்கிறோம் அக்கா, நீ பேசாம இரு" என்று மூன்றாம் காம்பராக்காரி சொன்னாள். அம்மாவும் சரி என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பீலியில் குடம் வைக்கும் இடத்தில் ஒரு சின்னத் தகராறு. ஐந்தாம் காம்பராவில் இருந்த சித்தி எங்கள் குடத்தை நகர்த்தி வைத்தாள் என்று அம்மா சொன்னாள். சித்தி கூடப் பிறந்தவள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் சித்தி. இரண்டு பேரும் காலையில் சண்டை போட்டு மாலையில் சம்பல் மாற்றிக்கொள்கிறவர்கள். அன்று சித்தி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பொதுவாகச் சொன்னாள்: "சில பேரு ஒடம்பு தங்கம். நம்ம ஒடம்பு தகரம். குளவிக்கு என்ன, தகரத்துல கொட்டட்டும்."

அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து ரொட்டிக்கு மா பிசைந்தாள். பிசைந்து பிசைந்து மாவு கல்லாகப் போகிற அளவுக்குப் பிசைந்தாள். பிறகு, "நாளைக்கு என் மொற. நான் போறேன்" என்றாள்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஒனக்குப் பைத்தியமா புள்ள? டொக்டர் என்ன சொன்னாரு?"

"டொக்டரா வந்து பீலியில தண்ணி எடுக்கப் போறாரு? நாந்தான் எடுக்கணும்."

"ஒருத்தி வாயில வந்ததைச் சொன்னா அதுக்காகச் சாவியா?"

"செத்தாலும் சரி, சாகாட்டியும் சரி. என் மொறைய இன்னொருத்தி பாத்தான்னு பேர் எடுக்க மாட்டேன்."

அப்பா அதோடு விடவில்லை. தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் ஓடிப்போய் ஒரு துண்டு எழுதி வாங்கி வந்தார். இவளை அந்த மலைக்கு அனுப்பக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. தானே கணக்கப்பிள்ளையிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பாவைப் போல, செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்து வேலைக்காரர்கள் விடியுமுன்பே வேறு மலைக்குப் போக வேண்டும். ஆகவே துண்டை என்னிடம் கொடுத்தார். ஊரிலேயே வாய் பேசாத ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தூது அனுப்பினார். "பெரட்டுல கணக்கப்பிள்ளை ஐயா கையில குடு. அம்மா கையில மட்டும் குடுத்துறாத" என்றார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் ஈரக் கம்பளி வாடை. முப்பது நாற்பது பேர். நடுவில் கணக்கப்பிள்ளை தொப்பியோடு நிற்கிறார். நான் பள்ளிக்கூடப் பையோடு பெண்களுக்குப் பின்னால் நின்றேன். ஒரு எட்டு வைத்தேன். யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நின்றுவிட்டேன். இன்னொரு எட்டு வைப்பதற்குள் அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். நேராக வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றாள்.

நான் போகவில்லை. மேல் பாதையால் ஏறி, ஆறாம் நம்பர் மலைக்கு எதிரே இருந்த பாறையில் போய் உட்கார்ந்தேன். மழை பெய்து முடிந்து வானம் கழுவி விட்டது போல இருந்தது. தூரத்தில் சிவனொளிபாத மலை நீலமாகத் தெரிந்தது. கீழே பெண்கள் நிரை பிடித்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அம்மாவைக் கை வேகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கையும் மாறி மாறிக் கூடைக்குப் போகும். அவளுக்குப் பக்கத்து நிரையில் சித்தி. மரத்தை நெருங்க நெருங்க அவர்கள் பேச்சு குறைந்து, கொழுந்து ஒடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் கழுகைப் பார்த்தேன். காட்டு விளிம்பில் பட்டுப்போன ஒரு மரத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக இருந்ததோ தெரியாது. தவிட்டு நிறம்; கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. குளவிப் புழு அதற்குச் சாப்பாடு என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மரத்தடியில் சத்தம் போடக் கூடாது என்ற சட்டம் நினைவுக்கு வந்ததாலா, என் கூச்சத்தாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கத்தியிருந்தாலும் ஒருவேளை ஒன்றும் மாறியிருக்காது. கங்காணி என்னைத்தான் திட்டியிருப்பார்.

கழுகு சிறகை மடக்கிக்கொண்டு இறங்கியது. கூட்டில் காலை வைத்து ஒரு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் அதன் வேலை. கூட்டிலிருந்து கறுப்பாக ஒரு புகை கிளம்பியது. "குளவி!" என்று யாரோ அலறினார்கள். கூடைகள் உருண்டன. பெண்கள் சரிவில் விழுந்து எழும்பி ஓடினார்கள். கங்காணி எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அவ்வளவு பெரிய தொப்பையோடு அவ்வளவு வேகமாக ஓடிய மனிதரை நான் பார்த்ததில்லை.

அம்மா ஓடவில்லை. நின்ற இடத்திலேயே குந்திவிட்டாள். அவள் தலையில் கம்பளி இருந்தது. ஆனால் கையும் முதுகும் வெளியே. சித்தி நாலு எட்டு ஓடினாள். திரும்பிப் பார்த்தாள். திரும்பி வந்தாள். தன் கம்பளியைப் பிடுங்கி அம்மாவின் முதுகில் போட்டு, அதன் மேல் தானும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். அவள் தலையில் ஒன்றுமில்லை.

அம்மாவை ஒரு குளவிகூடக் கொட்டவில்லை. சித்திக்கு எண்ண முடியாத கொட்டு. அதே லொறி, அதே ஆஸ்பத்திரி. தகர உடம்பு தாங்கியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பதினொரு நாள் படுக்கை.

சாயங்காலம் அப்பா வந்து, "துண்டை ஏன் குடுக்கல?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா சொன்னாள்: "குடுத்திருந்தா எனக்குப் பதிலா இன்னொருத்தி அங்க நின்னிருப்பா இல்ல?" கணக்கப்பிள்ளை எழுதிய அறிக்கையில், கழுகு கூட்டைக் கலைத்ததால் நேர்ந்தது என்று இருந்ததாம். இன்றைக்கும் பேப்பரில் அப்படித்தான் எழுதுகிறார்கள். எப்போதும் கழுகுதான் குற்றவாளி. அதுவும் பாவம், பசிக்குத் தின்னத்தான் வந்தது.

இதற்குப் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஒரு வாரத்தில் குளவிகள் கூட்டை ஒட்டுப் போட்டு முன்னைவிடப் பெரிதாக்கிவிட்டன. பெரட்டில் கங்காணி கேட்டார்: "இந்த வாரம் யாரு மொற?"

"அஞ்சாம் காம்பரா. அவதான் ஆஸ்பத்திரியில கெடக்குறாளே" என்றாள் ஒருத்தி.

"நான் போறேன்" என்றாள் அம்மா. "எனக்காகத்தானே படுத்துக் கெடக்குறா. அவ மொற என்னுது."

பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அதுதான் நியாயம் என்று அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. ஒருத்திகூட, ஒரே ஒருத்திகூட, போகாதே என்று சொல்லவில்லை. அன்று அப்பாவும் வேலைக்குப் போகாமல் களத்தில் இருந்தார். "போ. போய்ச் சேரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றும் பெண்களுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. தொண்டை வரை வந்தது. அது வெளியே வந்தபோது பேச்சாக இருந்தது.

"அந்த நெரைய விட்டா என்ன?"

"யாரு அது?" என்று கங்காணி தேடினார். அம்மா திரும்பி, "வாய மூடுடி" என்றாள். கணக்கப்பிள்ளை மட்டும் குனிந்து, "என்ன சொன்ன பாப்பா?" என்றார்.

"ஒரு நெரைதானே ஐயா. பறிக்காம விட்டா என்ன?"

பெண்கள் சிரித்தார்கள். கங்காணி எனக்குப் பாடம் சொல்வது போல, "விட்டா காடாயிரும் பாப்பா" என்றார்.

"ஆகட்டுமே."

"ஆகட்டும்யா!" என்று அப்பாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. ஒரு மாதமாக உள்ளே கிடந்த குரல்.

கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "கங்காணி, மரத்துக்கு அந்தப் பக்கம் நாலு நெரை, இந்தப் பக்கம் நாலு நெரை. யாரும் தொட வேணாம்" என்றார். அடுத்த வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான். காட்டிலிருந்து அதிகாரி வந்து டீ குடிக்க வேண்டியிருந்த விஷயம், அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. மாலைக்குள் அது கங்காணியின் யோசனை என்று லயம் முழுவதும் பேச்சாகிவிட்டது. நானும் மறுக்கவில்லை.

சித்தி திரும்பி வந்தபோது முகம் இன்னும் முழுசாக வடியவில்லை. வாசலில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது: "என் மொறைய யாரு பாத்தா?" நடந்ததை அம்மா சொன்னாள். சித்தி அந்த வீங்கிய கண்ணால் என்னைப் பார்த்து, "அடிப்பாவி, நெரையவா விட வச்ச?" என்றாள். உயிரைப் பணயம் வைத்து அம்மாவைக் காப்பாற்றியவள் கேட்ட கேள்வி இது.

மார்கழிக் காற்றில் கூடு உதிர்ந்துபோனது. அந்த எட்டு நிரையும் அதற்குள் ஆள் உயரம் வளர்ந்துவிட்டன; பிறகு யாரும் அதைக் கவ்வாத்து வெட்டவும் இல்லை. தேயிலை பூக்கும் என்பதையே அங்கேதான் பார்த்தேன். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். இப்போது அவை மரங்கள். மந்திகள் அதில்தான் ஏறி விளையாடுகின்றன.

அம்மா அதற்குப் பிறகு நீண்ட காலம் இருந்தாள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "நல்ல புள்ளதான். நெரையக் காடாக்கினதுதான் ஒரே கொற" என்று சொன்னாள். அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

அவள் கடைசியாக அந்தப் பாதையில் நடந்தபோது நான்தான் கையைப் பிடித்திருந்தேன். மூச்சு வாங்கியதால் அந்த மரங்களுக்குக் கீழே நின்றாள். நிமிர்ந்து உச்சி வரை பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அன்னைக்கு விட்டதாலதானே நீங்க இன்னைக்கு உயிரோட நிக்கிறீங்க?" என்றேன்.

"உயிரு இருக்கு, யாரு இல்லன்னா?" என்றாள். "நெரை எங்க?"